மெர்பாவ் மரத்துக்கு வைத்த படையல்

மெர்பாவ் மரத்தின் சீவல் மழையில் நனைந்தால், அதிலிருந்து வடியும் தண்ணீர் வெற்றிலை போட்டுத் துப்பியது போலச் சிவந்து ஓடும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகை போட்டு அப்பா மர வேலை செய்துவந்ததால், மழைக்காலம் முழுவதும் எங்கள் வாசலில் அந்தச் சிவப்புத் தண்ணீர் நிற்கும். அதை மிதித்துவிட்டு வீட்டுக்குள் ஓடிவரும் எனக்கும் தம்பிக்கும் அம்மா போடும் சத்தம் அடுத்த லயம்வரை கேட்கும். வெயில் நாட்களில் அதே மரம் வேறு மாதிரி. இழைப்புளி ஓட ஓட, எண்ணெயும் புளிப்பும் கலந்த ஒரு வாசனை கிளம்பி எங்கள் துணியிலும் தலைமுடியிலும் ஏறிக்கொள்ளும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் "ஆசாரி மக வந்துட்டா" என்று மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு அதில் கோபம் வந்ததே கிடையாது. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான்.

கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி, பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம், காட்டை ஒட்டிக் கிடந்த ரப்பர் தோட்டம் அது. அப்பா கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து யுத்தத்துக்கு முன்பே கப்பலேறி வந்தவர். அம்மா இங்கேயே பிறந்து, இங்கேயே பால் மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தவள். லயத்துக் கூரைகளையும் கதவுகளையும் பழுதுபார்க்கத்தான் தோட்டத்தில் அப்பாவை வேலைக்கு வைத்திருந்தார்கள். அதை அவர் ஒரு வேலையாகவே மதித்ததில்லை. மதியத்துக்குள் அதையெல்லாம் முடித்துப் போட்டுவிட்டுக் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவருக்குப் பொழுதே விடியும். கட்டில், அலமாரி, தொட்டில், சாய்வு நாற்காலி என்று எதைக் கேட்டாலும் கேட்டவருக்கென்றே செய்வார். நாற்காலி வேண்டும் என்று வருபவரை முதலில் ஒரு பழைய பெட்டியின் மேல் உட்கார வைத்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே, ஆள் எந்தப் பக்கம் சாய்கிறார், காலை எப்படி நீட்டுகிறார் என்று பார்ப்பார். முழக்கோலைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகுதான். வந்தவர் பொறுமையிழந்து, "ஆசாரி, நான் பொண்ணு பாக்க வரல, நாற்காலி கேட்டு வந்தேன்" என்று சொன்னாலும் அசைய மாட்டார். ஆணி அடித்து வேலை செய்கிறவர்களுக்கு அவர் வைத்திருந்த பெயர் "ஆணிக்காரனுங்க". அவர் வாயில் அதைவிடக் கெட்ட வார்த்தையை நான் கேட்டதில்லை.

ஊரில் தேக்கும் வேங்கையும் பழகிய கை அவருடையது. இங்கே வந்து மெராந்தியையும் மெர்பாவையும் கற்றுக்கொள்ளப் பல உளிகளை மழுக்கியிருக்கிறார். "இந்த ஊரு மரம் மொதல்ல மொறைக்கும். பேசிப் பழகிட்டா சொன்ன பேச்சு கேக்கும்" என்பார். முக்கியமான வேலை என்றால் ஆலைப் பலகையைத் தொட மாட்டார். காட்டோரம் தானே போய், அடிமரத்தைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மரம்தான் வேண்டும். அப்படித் தேர்ந்தெடுத்த மரத்தை அன்றைக்கே வெட்டிவிடவும் மாட்டார். முதல் நாளே அதனடியில் இலை விரித்து, சர்க்கரைப் பொங்கலும் பழமும் தேங்காயும் வைத்து, சூடம் கொளுத்தி, அந்த மரத்தில் குடியிருக்கும் பூதமோ தேவதையோ பறவையோ எதுவாக இருந்தாலும், "நாளைக்குக் காலையில வெட்ட வரேன், இத வாங்கிக்கிட்டு வேற மரம் பாத்துப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டு வருவார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் செய்தது. ஒரு ராத்திரி அவகாசம் கொடுத்து, மறுநாள் போய்ப் பார்க்கையில் இலை காலியாக இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். ஒருதரம் பொங்கல் அப்படியே கிடந்ததென்று ஒரு நல்ல மெராந்தியை விட்டுவிட்டு வந்து, மூன்று நாள் யாருடனும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் நான்காம் வகுப்புக்குப் போன சமயம், வெள்ளைக்கார அரசாங்கம் கொண்டுவந்த அவசரகாலம் உச்சத்தில் இருந்தது. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்தார்கள். நாங்கள் முள்கம்பி வேலிக்குள் இருந்தோம். சிதறிக் கிடந்த லயங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் கம்பி இழுத்து, ஒரே ஒரு வாசல் வைத்து, அந்த வாசலில் துப்பாக்கியோடு ஆள் நிறுத்தியிருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்களின் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், தலைத்துணியை அவிழ்க்கச் சொல்வார்கள். அரிசி அளந்துதான் கிடைக்கும். கடையில் பால் டின் வாங்கினால் கடைக்காரர் அதிலே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். முழு டின்னாக இருந்தால் காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடுமாம். ஒரு பிடி சோறுகூட வேலிக்கு வெளியே போகக்கூடாது. அம்மாவும் மற்ற பெண்களும் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு பால் மரம் வெட்டப் போய், திரும்பி வந்துதான் சாப்பிடுவார்கள். "மாட்டுக்குக்கூட போற எடத்துல புல்லு உண்டு" என்று அம்மா முணுமுணுப்பாள். அவளுக்கு வாய் அதிகம் என்பார்கள். எனக்கென்னவோ அந்தத் தோட்டத்தில் மற்றவர்களுக்கு வாய் குறைவு என்றுதான் தோன்றும்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோல சிலாங்கூரிலிருந்து ஜவுளிக்கடை மரைக்காயர் வந்தார். நாகூர்ப் பக்கத்து மனிதர். அப்பாவோடு ஒரே கப்பலில் வந்தவர் என்பதால் இருவருக்கும் தனி ஒட்டுதல். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். தலைமாட்டுப் பலகை ஒரே துண்டாக இருக்கும்படி ஒரு கட்டில் வேண்டும், இணைப்புத் தெரியக் கூடாது என்றார். "நீ செஞ்சா செய், இல்லாட்டி நான் இரும்புக் கட்டில் வாங்கிப் போட்டுட்டுப் போறேன்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் தாமதம், அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அவ்வளவு அகலப் பலகை எந்த ஆலையிலும் கிடைக்காது. தோட்டத்து எல்லையில், கடைசிப் பால் மரத்துக்கும் காட்டுக்கும் நடுவில், ஒரு பெரிய மெர்பாவ் நின்றது. பல வருடமாக அப்பா அதன்மேல் ஒரு கண் வைத்திருந்தார். தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியிடம் சொல்லி, கிராணி தோட்டத்துத் துரையிடம் சொல்லி, அதை வெட்ட அனுமதி வாங்கிவிட்டார். வேலிக்கு வெளியே போகச் சீட்டும் கிடைத்தது. மரம் வெட்டத்தான் சீட்டு. படையல் வைக்க யார் சீட்டுக் கொடுப்பார்கள்?

அம்மா அன்றைக்குத் தடுத்துப் பார்த்தாள். "இந்தக் காலத்துல சோறு எடுத்துக்கிட்டு வெளிய போவாதீங்க. சூடத்த மட்டும் கொளுத்திட்டு வாங்க, அதுங்களுக்குத் தெரியாதா நம்ம நெலம?" என்றாள். அப்பா உளியைத் தீட்டிக்கொண்டே, "ஒருத்தர் குடியிருக்கிற வீட்ட சொல்லாம கொள்ளாம வெறுங்கையோட போய் இடிப்பியா?" என்று கேட்டார். அம்மா எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். எங்கள் பங்கு அரிசியிலிருந்து எடுத்து, வெல்லம் போட்டு அவளே பொங்கி, வாழை இலையில் கட்டிக் கொடுத்தாள். எனக்கும் தம்பிக்கும் வழித்த பானைதான் கிடைத்தது.

மத்தியானம் அப்பா கருவிப் பையோடு வாசலுக்குப் போனார். காவலுக்கு நின்ற மலாய்க்காரருக்கு அப்பாதான் தொட்டில் செய்து கொடுத்திருந்தார். "மாக்கான் அடா?" என்று அவர் கேட்டார், சாப்பாடு ஏதாவது இருக்கிறதா என்று. "தாடா", இல்லை என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார். காவல்காரர் பையைத் திறந்து பார்க்கவில்லை. அப்பா பொய் சொன்னார் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். பொய்யே சொல்லத் தெரியாத மனிதர் அவர். சாமிக்கு வைப்பதை நாங்கள் யாரும் சாப்பாடு என்று சொல்வதில்லை. படைத்து முடித்துக் கைக்கு வந்த பிறகுதான் அது சாப்பாடு. அந்தப் பையில் சாப்பாடு இல்லை என்று அவர் மனசார நம்பியிருந்தார்.

மறுநாள் காலையில் கோடாலிக்காரர்கள் இருவரோடு அப்பா மரத்தடிக்குப் போனபோது, இலைக்கு இருபுறமும் போலீசார் புதருக்குள் படுத்திருந்தார்கள். முதல் நாள் மாலை ரோந்து போனவர்கள் பொங்கலைப் பார்த்துவிட்டு, அதை எடுக்கக் காட்டிலிருந்து யாராவது வருவார்கள் என்று ராத்திரி முழுக்கக் காத்திருக்கிறார்கள். யாரும் வரவில்லை. வந்தது அப்பாதான். வந்தவர் முதல் காரியமாக இலையைக் குனிந்து பார்த்தாராம், காலியாகிவிட்டதா என்று. அது போதுமாயிருந்தது. கோடாலிக்காரர்களை அன்று மாலையே விட்டுவிட்டார்கள். அப்பாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள், ஆசாரியைத் தெரியாதவர் யார் என்றார்கள். சில நாள் கழித்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி தோட்டத்து ஆபீசுக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். அம்மா தலைக்குக் குளித்து, கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, கோயிலுக்குப் போவது போலப் போனாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதிகாரி கேட்பதைக் கிராணிதான் தமிழில் சொன்னார். கிராணி, எங்கள் அப்பா செய்து கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இந்தச் சோறு நீ ஆக்குனதா?"

"நாந்தாங்கய்யா ஆக்குனேன்."

எதற்கு என்று கேட்டதற்கு அம்மா ஒன்று விடாமல் விளக்கினாள். மரத்தில் குடியிருப்பவர்கள், ஒரு ராத்திரி அவகாசம், மாமனார் காலத்துப் பழக்கம், எல்லாம். கிராணியும் பொறுமையாக இங்கிலீஷில் சொன்னார். அதிகாரிகூடத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு புளிப்பு மிட்டாய் கொடுத்தார். நல்லபடியாகப் போகிறது என்று அந்த வயதில் எனக்கே புரிந்தது. அப்புறம் அவர் வேறு ஒரு கேள்வி கேட்டார்.

"இதுக்கு முன்னாடியும் இப்படி வெச்சிருக்காரான்னு தொரை கேக்கறாரு" என்றார் கிராணி.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இதென்னங்கய்யா கேள்வி? அவரு கோடாலி போட்ட மரம் ஒண்ணுகூட படையல் இல்லாம சாஞ்சதில்ல."

கிராணி அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. அம்மாவை ஒரு மாதிரி பார்த்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. எல்லா மரத்துக்குமா? இந்தக் கெடுபிடி வந்ததுக்கு அப்புறமுமா?"

அவர் கண்ணால் கெஞ்சினார் என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அம்மாவுக்கு அது வேறு மாதிரி பட்டது. தன் புருஷன் பலகைக்கு ஆசைப்பட்டு முறை தவறிய ஆசாரியாக இருப்பானோ என்று கிராணி சந்தேகப்படுவதாக நினைத்துக்கொண்டாள். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சத்தியமா எல்லாத்துக்கும் வெச்சாரு! என் கையாலதான் பொங்கிக் குடுத்திருக்கேன். போன வருசம் இந்த நாற்காலி கேட்டீங்களே, நீங்க உக்காந்திருக்கீங்களே, இதுக்குக்கூட வெச்சாரு. மறுநாளு போய்ப் பாத்தா இலையில ஒரு பருக்க இருக்காது. சுத்தமா எடுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க. அவ்வளவு ராசி அவரு கைக்கு!"

கிராணி நாற்காலியில் நெளிந்தார். வேறு வழியில்லாமல் சொன்னார். எவ்வளவு சொன்னார், எதை விட்டார் என்று எனக்குத் தெரியாது. அதிகாரி எழுதுவதை நிறுத்தி அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடி எழுத ஆரம்பித்தார், வெகுநேரம் எழுதினார்.

அம்மா வீட்டுக்கு வந்து, கொட்டகையைக் கூட்டி, உளிகளைத் துடைத்து வைத்தாள். உண்மையைச் சொல்லியாயிற்று, நாளைக்கோ மறுநாளோ வந்துவிடுவார் என்று லயம் முழுக்கச் சொன்னாள். அன்றிரவு எங்களோடு உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டே சாப்பிட்டாள். அம்மா அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் கடைசி.

மரைக்காயர் ஓயாமல் அலைந்தார். தெரிந்த வக்கீலைப் பிடித்தார், தெரியாத பெரிய மனிதர்கள் வீட்டு வாசலில் நின்றார். கடைசியில் ஒருநாள் வந்து, உள்ளே வராமல் கொட்டகையிலேயே நின்றுகொண்டார். "ஒரு தடவன்னா தெரியாம செஞ்சிட்டான்னு விட்டிருப்பாங்களாம், தங்கச்சி. வருசக்கணக்கா வெச்சிருக்கான், ஒவ்வொரு தடவையும் யாரோ எடுத்துக்கிட்டுப் போயிருக்கான், அவன் வீட்டுக்காரியே சொல்லியிருக்கான்னு எழுதியிருக்கு. இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுங்கறாங்க." அவர் கெட்ட மனிதர் இல்லை, கேட்டதைச் சொல்லிவிட்டார். அம்மா மரச்சீவல் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை. "அப்ப நாந்தானா?" என்று மட்டும் கேட்டாள். மரைக்காயர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அந்த இலைகளை யார் காலி செய்தார்கள் என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். குரங்காக இருக்கலாம், காட்டுப்பன்றியாக இருக்கலாம். உண்மையிலேயே பசித்த ஒரு மனிதனாகவும் இருந்திருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும், சாப்பிட்டவன்மேல் எனக்கு வருத்தமில்லை.

அப்பாவை நாட்டை விட்டு அனுப்பினார்கள். எந்த நாள், எந்தக் கப்பல் என்று எங்களுக்குத் தெரிவிக்கவில்லை. கிள்ளான் துறைமுகத்திலிருந்து கப்பல் போய்ப் பல நாள் ஆன பிறகுதான் மரைக்காயர் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். "மரத்துல இருந்ததுங்களுக்குக்கூட ஒரு ராத்திரி குடுத்தாரே" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மெர்பாவையும் விட்டுவைக்கவில்லை. காட்டோரத்தில் ஆள் ஒளிய இடம் இருக்கக் கூடாது என்று இயந்திரம் கொண்டுவந்து எல்லாவற்றையும் சாய்த்து, எது என்ன மரம் என்று பிரித்துப் பார்க்காமல் எரித்தார்கள். மரைக்காயர் மகளுக்கு இரும்புக் கட்டில்தான் வாங்கினார்கள்.

அடுத்த வருடம் மரைக்காயர் ஊருக்குப் போனபோது, கும்பகோணத்துப் பக்கம் தேடிப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தார். யாரோ ஒருவருடைய பட்டறையில் கூலிக்கு வண்டிச் சக்கரம் செய்துகொண்டிருந்தாராம். கெடுபிடி ஓய்ந்ததும் எப்படியாவது வந்துவிடுவதாகவும், எங்களை இங்கேயே இருக்கும்படியும் சொல்லியனுப்பியிருந்தார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் ஆபீசுல சொன்னது அவருக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றார் மரைக்காயர். "என்ன சொன்னாரு?"

"சிரிச்சான், தங்கச்சி. அவ உள்ளதத்தானே சொன்னா, பொய் சொல்லியிருந்தாத்தான் கோவிச்சிருப்பேன்னான்."

திட்டியிருந்தால்கூட அம்மா தாங்கியிருப்பாள். அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். அந்த வாய் அதற்குப் பிறகு அடங்கிவிட்டது. தோட்டத்தில் யார் எது கேட்டாலும், "எனக்குத் தெரியாதுங்க" என்று ஒரே பதில். மணி என்ன என்று கேட்டாலும் அதே பதில்தான்.

அப்பாவுக்குத் திரும்பி வர அனுமதி கிடைக்கவே இல்லை. அவசரகாலம் முடிவதற்குக் கொஞ்சம் முன்பே காய்ச்சலில் போய்விட்டார் என்ற செய்தியையும் மரைக்காயர்தான் கொண்டுவந்தார். லயத்துப் பெண்கள் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். காரியத்துக்கு ஆக வேண்டியதைப் பார்த்தார்கள். அப்பாவுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலை போட வேண்டும் என்று ஒரு பெண் அரிசி களைய உட்கார்ந்தாள். அம்மா போய் அந்தப் பானையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். "நான் அவரு கையில பொங்கிக் குடுத்த சோறெல்லாம் போதும்" என்றாள். அரிசி தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. என்னைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். தான் இருக்கும்போதும் சரி, செத்த பிறகும் சரி, அப்பாவுக்கென்று யாரும் ஒரு பிடி சோறு வெளியில் வைக்கக் கூடாது. யாராவது பார்த்தால் அவரை மறுபடி பிடித்துக்கொண்டு போய்விடுவார்களாம்.

இப்போது ரவாங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். தோட்டம் இருந்த இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனையும், அதற்கப்பால் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. லயமும் இல்லை, முள்கம்பியும் இல்லை, காடு பின்வாங்கி எங்கேயோ மலைப்பக்கம் போய்விட்டது. ஒருதரம் மகன் காரில் கூட்டிக்கொண்டு போனான். அந்த மரம் நின்ற இடத்தை என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. அம்மா போயும் பல காலமாகிவிட்டது. மரைக்காயர், கிராணி, யாரும் இல்லை.

ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அம்மாவுக்கு இலை போடுகிறேன். "தாத்தாவுக்குப் போடலையா மா? பாட்டிக்கு மட்டும் வெச்சா எப்படி லா?" என்று மகன் வருடா வருடம் கேட்கிறான். சத்தியம் சத்தியம்தான், ஒரே இலைதான் போடுகிறேன். அம்மா குருவி மாதிரி கொறிப்பவள், அவளுக்கு ஒரு கரண்டி போதும். ஆனாலும் அந்த இலையில் பொங்கலை இரண்டு ஆள் சாப்பிடும் அளவுக்கு வைக்கிறேன். பசித்தால் அப்பா அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்வார்.